எங்கள் பச்சைக்கிளி

“கணிப்பொறிக்குப் பேசத் தெரியுமா அக்கா?” என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களைக் கேட்டாள். “நாங்கள் சொல்லிக் கொடுத்தால் பேசும்!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டோம். அது ஜூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. சொல்லிக் கொடுத்து முடித்தபோது அக்டோபர் செபமாலை மாதம் முடிய ஒரு வாரமே பாக்கி. இடையில் நாங்கள் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு நேர்ந்த ஒன்றையும் நம் ஆண்டுமலருக்கு எழுதித் தரும்படி சிஸ்டர் சொன்னார்கள். பட்ட பாட்டை எழுதுவது எளிது. மற்றதை எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் சம்பந்தப்பட்ட தங்கையையே கேட்டோம். “பேர் போடாம எழுதுங்க அக்கா” என்றாள். ஆகவே எழுதுகிறோம். அவள் பெயரைப் போடாதபோது எங்கள் பெயர்களை மட்டும் போட்டுக்கொள்வது அழகல்ல என்பதால் அவற்றையும் விட்டுவிட்டோம்.

நாங்கள் நால்வர். பத்தாம் வகுப்பு. இருவர் விடுதியில் இருப்பவர்கள், இருவர் தினமும் பஸ்ஸில் வருபவர்கள். பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு இந்த வேலை தேவையா என்று நால்வர் வீட்டிலும் கேட்டார்கள். கண்காட்சிக்கு என்று சொன்னதும் அரை மனத்தோடு விட்டுவிட்டார்கள்.

என்ன செய்வது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. விடுதியில் புதிதாய்ச் சேரும் சின்னப் பிள்ளைகள் முதல் மாதம் முழுவதும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். சாப்பாட்டு மணி எப்போது, துணி துவைக்கிற நாள் எது, வீட்டார் பார்க்க வரும் ஞாயிறு எது, காணாமற்போன செருப்பை யாரிடம் கேட்பது. கேட்டுக் கேட்டு அவர்களுக்கே வெட்கமாகி, பிறகு கேட்காமலே இருந்துவிடுவார்கள். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஒன்றைச் செய்து வைத்தால் என்ன? ஆங்கிலத்தில் இதனைச் சாட்பாட் என்கிறார்கள். கேள்வியைத் தட்டச்சுச் செய்தால் பதில் தட்டச்சாகி வரும். நாங்கள் அதற்குப் பச்சைக்கிளி என்று பெயர் வைத்தோம். சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. இதுவும் அப்படித்தான்.

கணிப்பொறி டீச்சர் வழி காட்டினார்கள். “எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பிறர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். நூலகம் என்றதும் எங்களில் ஒருத்தி புத்தக அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்! கணிப்பொறிக்காரர்கள் நூலகம் என்பது புத்தகங்கள் இருக்கும் இடத்தை அல்ல. ஒரு வேலைக்கு வேண்டிய கட்டளைகளை ஒருவர் எழுதித் தொகுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கும் கோப்பையே அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ரைவ்ஸ்கிரிப்ட் என்பது. அது முதலில் பேர்ல் என்ற மொழிக்காக எழுதப்பட்டுப் பின்பு ஜாவாஸ்கிரிப்டுக்கும் வந்ததாம். எங்கள் கணிப்பொறி அறையில் இணைய வசதி எப்போதும் இருக்காது. ஆகவே ஒருத்தி வீட்டிலிருந்து அந்த ஒரே ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். அத்தனை பெரிய வித்தை, ஒரு நிழற்படத்தை விடப் பெரிதாய் இடம் அடைக்கவில்லை.

அதன் விதி மிக எளிது. கூட்டல் குறி போட்டு ஒரு வரி எழுதினால் அது கேட்பவர் சொல்வது. அதற்குக் கீழே கழித்தல் குறி போட்டு எழுதினால் அது கிளி சொல்வது.

+ சாப்பாட்டு மணி எப்போது
- பன்னிரண்டரைக்கு. தட்டைக் கழுவி வைத்திரு!

கழித்தல் வரிகள் இரண்டு மூன்று இருந்தால் கிளி தன் விருப்பம்போல் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். கூட்டல் வரியில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எந்தச் சொல்லும் வரலாம் என்று பொருள். அந்தச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு விடையில் திரும்பச் சொல்லவும் அதற்குத் தெரியும். “என் பெயர் இன்னது” என்றால் அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, பத்து வரி கழித்தும் பெயர் சொல்லி அழைக்கும். எல்லா வரிகளையும் எழுதி முடித்ததும், வரிசைப்படுத்து என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் நம்மை உயரப்படி நிறுத்துவார்களே, அதுபோல, சொற்கள் அதிகமுள்ள வரி முன்னாலும், வெறும் நட்சத்திரம் மட்டும் உள்ள வரி எல்லாவற்றுக்கும் கடைசியிலும் நிற்கும். வேறெந்த வரியும் பொருந்தாத பேச்சு அந்தக் கடைசி நட்சத்திரத்திடம் போய்ச் சேரும். இந்தக் கடைசி நட்சத்திரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்கள் கதை அங்கேதான் தடுக்கி விழுந்தது.

எளிது என்று சொன்னோமே தவிர, கிளி முதல் வார்த்தை பேச மூன்று வாரமாயிற்று. கிளியின் வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தோம். வட்டிலிருந்து நேரே திறந்த பக்கம், பக்கத்துக் கோப்பைத் தொடக்கூடாது என்று உலாவி தடுத்துவிட்டது. பாதுகாப்புக்காகவாம். பக்கத்திற்குள்ளேயே வரிகளை எழுதி ஊட்டிவிட்டோம். அடுத்தபடி, “வணக்கம்” என்று தட்டியதும் கிளி “ஆப்ஜெக்ட் பிராமிஸ்” என்றது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாங்கள் பார்த்து எழுதிய பாடம் பழைய பதிப்புக்கானது என்று டீச்சர் கண்டுபிடித்தார்கள். புதிய பதிப்பில் கிளி உடனே விடை தருவதில்லை. விடை தருகிறேன் என்று முதலில் ஒரு வாக்குறுதி தரும். அது நிறைவேறும்வரை காத்திருந்து விடையை வாங்க வேண்டும். நாங்களோ அவசரப்பட்டு வாக்குறுதியையே எடுத்துத் திரையில் போட்டுவிட்டோம். எங்கள் வீடுகளில் இப்படி ஏமாந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டாகையால் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இவையெல்லாம் ஆங்கில வரிகளை வைத்துச் சோதித்தபோது வந்த தொல்லைகள். தமிழ் வரிகளை எழுதியவுடன் நூலகம் ஒரேயடியாய் மறுத்துவிட்டது. கூட்டல் வரியில் சின்ன ஆங்கில எழுத்துகளும், எண்களும், குறிப்பிட்ட சில குறிகளும் மட்டுமே வரலாம் என்று பிழைச் செய்தி! பிறந்த மொழிக்கு இடமில்லையா என்று எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கும் ஒரு வழி இருந்தது. கிளியை உருவாக்கும்போதே, யூடிஎஃப்-8 என்பதற்கு ‘ஆம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். உலகத்து எழுத்துகளையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு நாள்.

அதன் பிறகுதான் தமிழே எங்களோடு மல்லுக்கு நின்றது. ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். தமிழில் அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவோடு, அம்மாகிட்ட. மரம் மரத்தையாகிறது, வீடு வீட்டுக்காகிறது. ‘எப்போது’ என்று நாங்கள் எழுதி வைத்தால், வந்து உட்காருகிற பிள்ளை ‘எப்ப’ என்பாள், ‘எப்போ’ என்பாள், ‘எத்தனை மணிக்கு’ என்பாள். இன்னும் சிலர் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுவார்கள். அடைப்புக்குறிக்குள் எல்லா வடிவங்களையும் அடுக்கி, இவற்றில் ஏதாவது ஒன்று வரலாம் என்று சொல்ல வசதி உண்டு. அடுக்கினோம், அடுக்கினோம், அடுக்கிக்கொண்டே இருந்தோம். பகுபத உறுப்பிலக்கணத்தைக் கசப்பு மருந்தாய் விழுங்கி வந்த நாங்கள், பகுதியையும் விகுதியையும் பிரிக்கத் தெரியாத கிளியைப் பார்த்த பிறகுதான், நம் தலைக்குள் யாரோ நாள் முழுவதும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அறிந்தோம்.

இங்கே எலிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எழுதி, 1966-ல் வெளியிட்ட பேசும் நிரல் அது. இன்றைய சாட்பாட்டுகளுக்கெல்லாம் பாட்டி என்று சொல்லலாம். பெர்னார்ட் ஷா நாடகத்தில் பேசக் கற்றுக்கொள்ளும் பூக்காரப் பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார். மனநல மருத்துவர் நோயாளியிடம் பேசுவது போல அது பேசும். ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொன்ன சொற்களையே ‘நான்’ என்பதை ‘நீ’ என்று திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கிவிடும். நான் சோகமாயிருக்கிறேன் என்றால், நீ ஏன் சோகமாயிருக்கிறாய் என்று கேட்கும். அந்த வித்தையை எங்கள் கிளிக்கும் கற்பிக்க ஆசைப்பட்டோம். ‘நான்’ என்று தொடங்கினால் ‘நீ’ என்று மாற்றி மீதியை அப்படியே சொல்லும்படி ஒரு வரி எழுதினோம். பிறகு ஒருத்தி, “நான் ஊருக்குப் போகிறேன்” என்று தட்டினாள். “நீ ஊருக்குப் போகிறேன், ஏன்?” என்றது கிளி!

வகுப்பே சிரித்தது. தமிழம்மா மட்டும் சிரிக்கவில்லை. “வினைமுற்றிலேயே தன்மையும் முன்னிலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் எப்படி?” என்றார்கள். ‘போகிறேன்’ ‘போகிறாய்’ ஆக வேண்டும். எல்லா வினைகளுக்கும் அப்படி அட்டவணை போட எங்களுக்கு ஆயுள் போதாது. இரண்டு நாள் கழித்துத் தமிழம்மாவே வழியும் சொன்னார்கள். “அயற்கூற்றாக்க முயல்வதால்தானே தொல்லை? நேர்கூற்றாகவே விட்டுவிடுங்கள்.” எப்பேர்ப்பட்ட யோசனை! “ ‘நான் ஊருக்குப் போகிறேன்’ என்கிறாயா? ஏன்?” பிள்ளை சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து ‘என்கிறாயா’ சேர்த்தால் வேலை முடிந்தது. பத்தாம் வகுப்பு இலக்கணம் கணிப்பொறியில் பலித்ததைக் கண்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்னொரு மாயமும் நடந்தது. “கோயில் மணி எப்போது” என்று ஒருத்தி கேட்டால் விடை வரும். இன்னொருத்தி அதையே கேட்டால் வராது. திரையில் இரண்டும் அச்சாய் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்தும் பேதம் தெரியவில்லை. பேய்தான் புகுந்துவிட்டது என்று ஒருத்தி சிலுவை அடையாளம்கூடப் போட்டுக்கொண்டாள். டீச்சர் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளே இருக்கும் எண்ணை வரவழைத்துக் காட்டினார்கள். ‘கோ’வின் துணைக்குறியை ஒருத்தி ஒரே விசையில் தட்டியிருக்கிறாள். மற்றவள் இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு விசைகளில் தட்டியிருக்கிறாள். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் கட்டளை ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. கேட்பவர் தட்டுவது கிளியிடம் போகுமுன் அந்தக் கட்டளையின் வழியாகப் போகும்படி செய்தோம். பேய் ஓடிவிட்டது.

கண்காட்சி மூன்று நாள் நடந்தது. எங்கள் மேசைக்கு வந்த கூட்டத்தைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும், பெற்றோர் பகுதியில் நீண்ட வரிசை எங்களுடையதுதான்! ஒரு தகப்பனார், “இது சாட்ஜிபிடி மாதிரியா?” என்று கேட்டார். இல்லை ஐயா, 2022 நவம்பரில் வந்த அது, மலைமலையாய்க் குவிந்த எழுத்துகளிலிருந்து தானே பழகியது, எங்கள் கிளிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த நூற்று நாற்பது கேள்விகள் மட்டுமே தெரியும் என்றோம். “அப்போ இது பொய் சொல்லாது” என்றார் அவர். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

மேசைக்குப் பின்னால் பெரிய அட்டை ஒன்றில் எலிசாவின் வரலாற்றைப் பல வண்ணத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். அதில் ஒரு வேடிக்கை நிகழ்ச்சி. வைசன்பாமின் செயலாளராயிருந்த பெண், அவர் பல மாதங்களாக அந்த நிரலை எழுதியதைக் கண்ணால் கண்டவர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரியும். இருந்தும் எலிசாவோடு இரண்டொரு வரி பேசியதும், தயவுசெய்து அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டாராம். வேடிக்கை என்று நினைத்துத்தான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். கிளிக்குத் தெரியாத கேள்விகள் எவை என்று கண்டுபிடித்துப் பின்னால் சேர்ப்பதற்காக, யார் எதைத் தட்டினாலும் அது உலாவியின் சேமிப்பில் பதிவாகும்படி செய்திருந்தோம். யார் சொல்லியும் அல்ல, எங்கள் யோசனைதான். அதைப் பற்றி எந்த அட்டையிலும் ஒரு வரிகூட எழுதவில்லை.

கண்காட்சி முடிந்த மாலை, நால்வரும் உட்கார்ந்து பதிவுகளைப் படித்தோம். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. “உனக்குக் கல்யாணம் ஆச்சா”, “மிட்டாய் வாங்கித் தா”, “கணக்குப் பரீட்சையைத் தள்ளி வை.” அப்புறம் இது வந்தது.

எங்க பாட்டி செத்துப் போய்ட்டாங்க
கிளி: சபாஷ்! மேலே சொல்.
லீவுக்குப் போனா வீட்ல இருக்க மாட்டாங்க
கிளி: அப்படியா! கேட்கவே இனிக்கிறது.
நீ யார்ட்டயும் சொல்லாத
கிளி: ஓகோ! அப்புறம்?

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்த பதிவு வேறு யாரோ, இட்லி எப்போது என்று கேட்டது.

கடைசி நட்சத்திரத்தை நினைவில் வைத்திருக்கச் சொன்னோமல்லவா? வேறெதற்கும் பொருந்தாத பேச்சுக்கு, வந்தவர் சலிக்காமல் பேசட்டும் என்று, உற்சாகமான விடைகள் ஐந்தை அங்கே எழுதி வைத்திருந்தோம். ‘சபாஷ்’ எங்களில் ஒருத்தி எழுதியது. யார் என்று சொல்ல வேண்டாம் என்று நால்வரும் முடிவு செய்தோம். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிளி முன்னதாகவே பெயர் கேட்டிருந்ததால், அது யார் என்பதும் பதிவில் இருந்தது.

விடுதி சிஸ்டரிடம் ஓடினோம். திட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தோம். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஆறு வரிகளையும் படித்துவிட்டு, “பிள்ளைகளே, நீங்கள் இதை எழுதி வைக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் விடையில்லை. செப்டம்பரில் அந்தப் பிள்ளை இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்ததாகவும், வந்த வாரம் எல்லோரும் ஆறுதல் சொன்னதாகவும் சிஸ்டர் சொன்னார்கள். அதன்பின் யாரும் கேட்கவில்லை. கேட்காததில் தானும் ஒருத்தி என்றார்கள் சிஸ்டர்.

கணிப்பொறி டீச்சருக்கும் விஷயம் தெரிந்தது. எங்கள் அட்டையைச் சுட்டிக்காட்டி, “இந்தக் கதையின் மீதியைப் படித்தீர்களா?” என்று கேட்டார்கள். படிக்கவில்லை. வைசன்பாம் 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில், எலிசாவோடு மற்றவர்கள் பேசுவதையெல்லாம் பதிவு செய்து தான் பார்க்கலாமா என்று ஒருமுறை யோசனை சொன்னதாகவும், உடனே எல்லோரும் அவர்மேல் பாய்ந்து, அது மனிதரின் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாகும் என்று குற்றம் சாட்டியதாகவும் எழுதியிருக்கிறாராம். அவர் யோசனைதான் சொன்னார். நாங்கள் செய்தே விட்டோம்.

மறுநாள் மாலை, மாதா கெபிக்கு அருகிலுள்ள பாதாம் மரத்தடியில் அந்தத் தங்கையைப் பார்த்துப் பேசினோம். என்ன சொல்ல வேண்டும் என்று நால்வரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தோம். கிளி சொன்னதற்கு மன்னிப்பு, அதற்கு ஒன்றும் புரியாது, வேண்டுமென்று சொல்லவில்லை என்றெல்லாம் ஒருத்தி ஆரம்பித்தாள். அவள் குறுக்கிட்டாள். “அது கிளிதானே அக்கா. அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அதுட்ட சொன்னேன். நீங்க படிப்பீங்கன்னுதான் தெரியாது.”

நாங்கள் கொண்டுபோன மன்னிப்பு தவறான குற்றத்துக்கானது என்று அப்போது புரிந்தது. சரியானதற்குக் கேட்டோம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செபமாலைக்கு மணியடித்தது, போய்விட்டாள். அன்று நாங்கள் செபமாலை சொல்லும்போது எண்ணிக்கை தவறித் தவறிப் போயிற்று.

பதிவுகளை அழிப்பதில் எங்களுக்குள் பேதமில்லை. டீச்சரை அருகில் வைத்துக்கொண்டு அழித்தோம். ஒரே வரிக் கட்டளை, மூன்று நாள் கூட்டமும் போயிற்று. மேலே எழுதியுள்ள வேடிக்கைக் கேள்விகள் எங்கள் ஞாபகத்திலிருந்து எழுதியவை. பாட்டியைப் பற்றிய வரிகள் அவள் சம்மதித்து, தானே சரிபார்த்துக் கொடுத்தவை.

ஆனால் கிளியை என்ன செய்வது என்பதில் பெரிய சண்டையே வந்துவிட்டது. ஒருத்தி, சாவைப் பற்றிப் பேசினால் ஆறுதல் சொல்லும்படி வரிகள் சேர்க்க வேண்டும் என்றாள். நல்ல எண்ணந்தான். எழுத உட்கார்ந்தோம். இறந்துவிட்டார், செத்துப்போச்சு, தவறிட்டாங்க, காலமானார், சாமிகிட்ட போயிட்டாங்க, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மேலே போயிட்டார். தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! இருபத்தேழு எழுதியும் முடியவில்லை. அதோடு, “என் போன் செத்துப்போச்சு” என்று ஒருத்தி தட்டினால் அதற்கும் கிளி கண்ணீர் வடிக்குமே! இன்னொருத்தி கேட்டது வேறு. இருபத்தேழும் சரியாகவே வேலை செய்தாலும், உன் துயரத்தில் பங்கு கொள்கிறேன் என்று கிளி சொன்னால் அது பொய்தானே? அந்தத் தகப்பனார் சொன்னது நினைவிருக்கிறதா? ஆறுதல் கேட்டவளும் விடவில்லை. பொய்யென்று தெரிந்தும் கேட்க நன்றாயிருக்கும் சொற்கள் உலகத்தில் இல்லையா என்றாள். எங்களால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று வாக்கெடுத்தோம், அவ்வளவுதான்.

கடைசி நட்சத்திரத்தின் ஐந்து விடைகளையும் அழித்துவிட்டு இப்போது ஒரே ஒரு விடை வைத்திருக்கிறோம். “எனக்குப் புரியவில்லை. நான் எழுதப்பட்ட கிளி. சிஸ்டரையோ அக்காமாரையோ கேள்.” சுவையில்லாத விடைதான். திரையின் மேற்பகுதியில், “நீ தட்டுவது எங்கும் சேர்த்து வைக்கப்படுவதில்லை” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். தெரியாத கேள்விகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் வைத்து, “கிளிக்குத் தெரியாததை விரும்பினால் எழுது” என்று சொல்லிவிட்டோம். ஒரு மாதத்தில் நான்கு பக்கம் நிறைந்திருக்கிறது.

நவம்பரில், பிரிந்தோருக்காக நாம் செபிக்கும் அந்த மாதத்தில், அந்தத் தங்கை தானாகவே கணிப்பொறி அறைக்கு வந்தாள். கோபம் போய்விட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. தானும் கிளிக்கு வரிகள் எழுத வேண்டும் என்றாள். கூட்டல், கழித்தல், நட்சத்திரம் எல்லாம் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு அது மூன்று நாள் பாடம்! அவள் முதலில் எழுதியது இது.

+ உனக்குப் பாட்டி உண்டா
- இல்லை. எனக்கு நாலு அக்கா மட்டும்.

இரண்டாவது, அவள் பாட்டி செய்யும் கொழுக்கட்டையைப் பற்றியது. தேங்காய்ப் பூரணம் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, ஆவியில் எத்தனை நிமிடம் என்று விடை ஆறு வரிக்கு நீண்டது. எழுதி முடித்துவிட்டு, “கொழுக்கட்டை எப்படிச் செய்வது” என்று ஆவலோடு தட்டினாள். “எனக்குப் புரியவில்லை. நான் எழுதப்பட்ட கிளி” என்றது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே. அவள் முகம் வாடுவதைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. நால்வரும் பாய்ந்து விசைப்பலகையைப் பிடித்தோம்.

அரைமணி நேரம் கழித்துத்தான் விளங்கிற்று. அவள் ‘கொ’வைக் கொம்பும் காலுமாக இரண்டு விசைகளில் தட்டியிருக்கிறாள். நாங்கள் கேட்பவர் தட்டுவதை மட்டுமே ஒரே வடிவாக்கியிருந்தோம். கிளியின் வரிகளையும் அதே கட்டளையின் வழியாக அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. “உங்க வரியெல்லாம் சரியா இருக்கும்னு நெனச்சுட்டீங்களா அக்கா?” என்றாள் அவள். ஒரு சொல் சேர்த்தோம். கிளி கொழுக்கட்டைச் செய்முறையை ஆறு வரியும் ஒப்பித்தது. அதற்குள் படிப்பு நேர மணி அடித்துவிட்டதால், அதைச் சமையலறை ஆயாவிடம் காட்டுவது மறுவாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.